கயிற்றைப் பிடித்தது யார்? ஒரு கடலோரப் பள்ளியில் தேடல் கதைகள் நடத்திய நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரத்தில் பஸ் ஏறி, மண்டபம் போகும் சாலையில் பாதி வழியில் இறங்கி, தெற்கே கடலைப் பார்த்துத் திரும்பினால் எங்கள் பள்ளி வரும். அரசு உயர்நிலைப் பள்ளி. பெயர் இங்கே தேவையில்லை. நான் அங்கே தமிழ் ஆசிரியை. இதில் சொல்லப்போவது ஒன்பதாம் வகுப்பில் 34 பிள்ளைகளோடு ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை நடந்த கதை. வாரத்துக்கு ஒரு பாடவேளை நூலக வகுப்பு என்ற பெயரில் என் கையில் இருந்தது. எதையோ தேடிப் போகிறவர்களின் கதைகளை, பெரிய பயணக் கதைகளை, அந்த நேரத்தில் நடத்தலாம் என்று இறங்கினேன். முதல் மாதம் சொதப்பியது. மூன்றாம் மாதம் நானே ஒரு பெரிய தவறு செய்தேன். அதற்குப் பிறகுதான் வகுப்பு வகுப்பாக ஆனது. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் மீன்பிடி வீடுகள். சிலருடைய அம்மாக்கள் பாசி எடுக்கப் போகிறவர்கள். கீழக்கரைப் பக்கத்திலிருந்து வரும் பையன்களில் பலருக்கு வாப்பா சபுரில் இருக்கிறார். அதாவது சவூதியிலோ துபாயிலோ. உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்குப் பனையும் கருவேலமும்தான். மாதா கோயில் திருவிழா, ஏர்வாடிச் சந்தனக்கூடு, ஊர்க் கோயில் முளைப்பாரி, மூன்றுக்கும் வகுப்பில் ஆள் குறையும். இந்த வகுப்புக்குப் பயணக் கதையை நான் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று அப்போதே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

முதல் மாதம்: வட்டம்

அமெரிக்கரான ஜோசப் கேம்பல் 1949இல் ஒரு கருத்தை முன்வைத்தார். உலகின் பல பழங்கதைகளுக்கு அடியில் ஒரே ஓட்டம் இருக்கிறது: நாயகன் வீட்டை விட்டுப் புறப்படுகிறான், சோதனைகளைக் கடக்கிறான், ஏதோ ஒன்றைப் பெற்றுத் திரும்புகிறான். புறப்பாடு, சோதனை, திரும்புதல். பின்னாளில் திரைக்கதை எழுதுகிறவர்கள் இதை 12 படிகளாகச் சுருக்கிக்கொண்டார்கள். பல நாட்டு ஆசிரியர்கள் இதை வட்டமாக வரைந்துதான் நடத்துகிறார்கள். நானும் வரைந்தேன். கரும்பலகை நிறைய ஒரு வட்டம், சுற்றிலும் அழைப்பு, மறுப்பு, வழிகாட்டி, வாசல் காவலர் என்று 12 கட்டங்கள். ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒரு தாளும் கொடுத்தேன். "உங்களுக்குப் பிடித்த நாயகனை வைத்து நிரப்புங்கள்."

திரும்பி வந்த தாள்களில் இரண்டே நாயகர்கள். ஒன்று சினிமா, மற்றொன்று அப்துல் கலாம். ராமேஸ்வரம் பக்கத்தில் எந்தக் கட்டுரைத் தலைப்பைக் கொடுத்தாலும் இரண்டாம் பத்தியில் கலாம் வந்துவிடுவார், அது எங்கள் மண்ணின் உரிமை. ஆனால் "அழைப்பை மறுத்தல்" என்ற கட்டத்தில் ஒரு பையன் "கலாம் மறுக்கவில்லை" என்று எழுதி, அடுத்த 5 கட்டங்களிலும் "மேலே சொன்னதே" என்று போட்டிருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. படிவம் கொடுத்தால் பிள்ளைகள் படிவத்தைத்தான் நிரப்புவார்கள். ரேஷன் கடை விண்ணப்பம் போல.

சரி, தெரிந்த கதையாவது எடுபடும் என்று அனுமன் கடல் தாண்டியதை எடுத்தேன். தனுஷ்கோடி பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை பக்கத்து வீட்டு விஷயம். "அனுமார் எங்க டீச்சர் மறுத்தாரு? சாம்பவான் சொல்ற வரைக்கும் சும்மா உக்காந்துதான இருந்தாரு?" என்று ஒருத்தி கேட்டாள். சும்மா உட்கார்ந்திருப்பது மறுப்பாகுமா என்று 10 நிமிடம் விவாதம் ஓடியது. அது நல்ல விவாதம்தான். ஆனால் கதையைப் பற்றிப் பேசவில்லை, கட்டத்தைப் பற்றித்தான் பேசினோம். மணி அடித்தபோது எனக்கே அலுப்பாக இருந்தது.

வட்டத்தால் ஒரே ஒரு நல்லது நடந்தது, அதையும் பதிவு செய்துவிடுகிறேன். சபுராளி வீட்டுப் பையன் ஒருவன் வட்டத்தை மூடாமல், உள்ளுக்குள் சுற்றிக்கொண்டே போகும்படி வரைந்திருந்தான். ஏன் என்று கேட்டேன். "எங்க வாப்பா ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருவாக. ரெண்டு மாசம் இருப்பாக. மறுபடி போயிருவாக. இது எங்க டீச்சர் முடியும்?" அன்று அதைச் சிரித்துக்கொண்டே கடந்துவிட்டேன். அங்கேயே நின்று யோசித்திருந்தால் பிறகு நடந்த தவறு நடந்திருக்காது.

கல்லைக் கட்டிக் குதித்தவன்

ஜூலையில் கில்காமெஷை எடுத்தேன். மெசொப்பொத்தேமியாவில் களிமண் பலகைகளில் எழுதிவைக்கப்பட்ட, உலகத்தின் மிகப் பழைய நெடுங்கதைகளில் ஒன்று. ஊருக் நகரத்து அரசன் கில்காமெஷ். அவனுடைய உயிர்த்தோழன் எங்கிடு செத்துப்போகிறான். சாவைப் பார்த்துப் பயந்தவன், சாவை வெல்லும் வழி தேடிக் கிளம்புகிறான். ஊர்ஷனாபி என்ற ஓடக்காரனோடு சாவு நீரைக் கடந்து, வெள்ளத்தில் பிழைத்த பெரியவர் ஒருவரைக் காண்கிறான். கடைசியில் அவர் ஒரு ரகசியம் சொல்கிறார்: நீருக்கு அடியில் முள்ளுச்செடி ஒன்று இருக்கிறது, கையைக் குத்தும், ஆனால் கிழவனையும் இளைஞனாக்கும். கில்காமெஷ் காலில் கனத்த கற்களைக் கட்டிக்கொண்டு இறங்குகிறான். செடியைப் பிடுங்குகிறான். கற்களை அறுத்து விடுகிறான். நீர் அவனைக் கரையில் தள்ளுகிறது.

இந்த இடத்தில் நான் மேலே போக முடியவில்லை. வகுப்பு குறுக்கே விழுந்தது.

"கல்லக் கட்டிக்கிட்டா குதிச்சான்? எங்க தாத்தாவும் அப்படித்தான்!"

"முள்ளு குத்தும்னு தெரியும்ல, விரல்ல துணி சுத்திக்கிட்டுப் போயிருக்கணும்" என்றாள் ஒருத்தி. அவள் அம்மா பாசி எடுக்கிறவர். விரலுக்கு விரல் துணி கிழித்துச் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, பாரில், அதாவது கடலடிப் பவளத்திட்டில், இறங்கி மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்து எடுப்பார்கள். துணி சுற்றாவிட்டால் பவளக்கல் விரலைக் கிழித்துவிடும். எப்படிச் சுற்ற வேண்டும் என்று கைக்குட்டையைக் கிழித்துக் காட்டவே ஆரம்பித்துவிட்டாள். கட்டைவிரலுக்குத் தனியாக, சுட்டுவிரலுக்கு இரண்டு சுற்று, முடிச்சு உள்ளங்கைப் பக்கம் வரக் கூடாது, வந்தால் பிடி வழுக்கும்.

அப்போது கடைசி பெஞ்சுப் பையன் கேட்டான்: "டீச்சர், மேல கயிறு பிடிச்சது யாரு?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவன் விளக்கினான். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில், குளியாளி கல்லில் காலை வைத்து இறங்குவான். இன்னொரு கயிறு மேலே படகில் ஒருவர் கையில் இருக்கும். மூச்சு முட்டும்போது கயிறு அசையும், மேலே இருப்பவர் இழுத்துவிட வேண்டும். ஒரு நொடி கண்ணயர்ந்தாலும் போச்சு. அதனால் மனைவியின் உடன்பிறந்தவன்தான் கயிறு பிடிப்பான், தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறது என்று இந்தக் கரையில் ஒரு பேச்சு உண்டு. முத்துக்குளிப்பு நின்று அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. சங்கு குளிக்கிறவர்கள் கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பையனின் தாத்தாவும் அப்படிப்பட்டவர்.

"கதையில கயிறு இல்ல" என்றேன். "கல்லைக் கட்டினான், அறுத்தான், அவ்வளவுதான்."

"அப்ப அந்த ஓடக்காரன் என்ன செஞ்சுக்கிட்டிருந்தான்?"

கதை அதைச் சொல்லவில்லை. வெளியே வந்த கில்காமெஷ் செடியைப் பற்றிப் பெருமையாகப் பேசுவது ஊர்ஷனாபியிடம்தான். முதலில் ஊரிலுள்ள ஒரு கிழவருக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கப் போகிறேன் என்கிறான். வழியில் குளிர்ந்த குளம் ஒன்றில் குளிக்கப் போனபோது பாம்பு செடியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது, சட்டையை உரித்துப் போட்டுவிட்டு. அவன் உட்கார்ந்து அழுகிறான். அதையும் ஊர்ஷனாபிதான் பார்க்கிறான். சாவு நீரிலிருந்து கதை முடியும்வரை ஒருவன் கூடவே இருக்கிறான், நான் 12 கட்டம் வரைந்தபோது அவனுக்கு ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை.

அன்று கேம்பலின் வட்டத்தை அழித்துவிட்டேன். அடுத்த வாரம் "கயிறு பிடித்தவர் பார்வையில் எழுதுக" என்று கொடுத்தேன். ஊர்ஷனாபி பேசுவதாக வந்த தாள்கள் முந்தைய மாதத்துத் தாள்களுக்குப் பக்கத்தில் வைக்கவே முடியாதவை. ஒரு பையன் எழுதினான்: "ராசா உள்ளே போய்விட்டார். நான் எண்ண ஆரம்பித்தேன். நூறு வரைக்கும் எண்ணினேன். அவருக்கு என் பெயர் தெரியுமா என்று யோசித்தேன்." 13 வயதுப் பிள்ளை.

வெற்றுத்தாள்

இந்த வெற்றி தலைக்கேறியதுதான் பிரச்சினை. பிள்ளைகளிடம் சரக்கு இருக்கிறது, வீட்டுக் கதையை எடுத்தால் போதும் என்று நினைத்தேன். ஆகஸ்டில் ஒரு வேலை கொடுத்தேன்: "உங்கள் வீட்டில் ஒருவர் எங்கோ போய், எதையோ தேடி, திரும்பி வந்த கதையை எழுதி வாருங்கள்."

திங்கட்கிழமை தாள் வாங்கினேன். மூன்றாம் வரிசையில் ஒரு பெண், கையெழுத்து அச்சுப் போல இருக்கும், எப்போதும் முதலில் முடிப்பவள். பெயரும் தேதியும் தலைப்பும் எழுதி, கோடு போட்டு, கீழே ஒன்றும் எழுதாமல் கொடுத்தாள். "கடலோரத்துல பிறந்துட்டு ஒரு கதைகூடவா இல்ல?" என்றேன். எல்லோர் முன்னாலும்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வகுப்பு கப்சிப். அந்த அமைதியாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இடைவேளையில் இன்னொரு பெண் வந்து, என் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வெற்றுத்தாள் கொடுத்தவளின் அப்பா கடலுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

அந்தப் பள்ளியில் எனக்கு அது இரண்டாவது வருடம். 4.20 பஸ்ஸைப் பிடித்து ராமநாதபுரம் போய்விடுகிறவளுக்கு ஊர் எப்படித் தெரியும்? அவளைக் கூப்பிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றாள். அந்தப் "பரவால்ல" இரண்டு நாள் என்னைத் தூங்க விடவில்லை.

எங்கள் கணக்கு ஆசிரியர் கடற்கரைக்காரர். அவரிடம் போய்ச் சொன்னேன். "கடலுக்குக் கிளம்புறவங்ககிட்ட எங்க போறீகன்னே யாரும் கேக்க மாட்டாக, நீங்க திரும்பி வந்ததை எழுதுன்னு கேட்டிருக்கீக" என்றார். அப்புறம் நானறியாத இன்னொன்றும் சொன்னார். உடல் கிடைக்காவிட்டால் காரியம் செய்வதா வேண்டாமா என்று வீட்டுக்குள்ளேயே வருடக்கணக்கில் இரண்டு கட்சி இருக்கும். சட்டப்படியும் அப்படித்தான்: 7 ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவல் இல்லை என்றால்தான் இறந்ததாகக் கொள்வார்கள். அதுவரை சான்றிதழ் கிடைப்பது கஷ்டம், அது இல்லாமல் பணம் எதுவும் எளிதில் நகராது. அந்த வீட்டில் பொட்டு வைப்பதா வேண்டாமா என்பதுகூட முடிவாகாத கேள்வி.

இத்தோடு விட்டுவிடுங்கள், பாடநூலை நடத்துங்கள் என்று அறிவுரை வந்தது. விட்டிருப்பேன். ஆனால் விட்டால் அவளால்தான் நின்றது என்று வகுப்பு நினைக்கும், அவளும் நினைப்பாள். வீட்டுக் கதை வேண்டாம். தூரத்துக் கதை ஒன்றுக்குப் போவோம் என்று முடிவு செய்தேன். 3,000 மைலுக்கு அப்பால் நடக்கும் கதையில் யாரும் யாருடைய முகத்தையும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இது எனக்கு இப்போது ஒரு கொள்கையாகவே ஆகிவிட்டது: நெருப்பு அருகில் இருந்தால் கதை தூரத்தில் இருக்கட்டும்.

நாயகன் வராத நான்கு காண்டங்கள்

ஹோமரின் ஒடிசி என்றால் ஒற்றைக்கண் அரக்கனும் பாட்டுப்பாடி மயக்கும் பெண்களும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். குழந்தைகளுக்கான சுருக்கங்களும் அங்கேதான் தொடங்குகின்றன. ஆனால் 24 காண்டங்கள் கொண்ட அந்தக் காப்பியத்தில் ஒடிசியஸ் நேரில் வருவதே ஐந்தாம் காண்டத்தில்தான். முதல் நான்கும் வீட்டில் இருப்பவர்களைப் பற்றியவை. அவன் போருக்குப் போய் 20 வருடம் ஆகப்போகிறது. போரில் 10, திரும்பும் வழியில் 10. மனைவி பெனலோப்பி காத்திருக்கிறாள். அவளை மணக்க வந்தவர்கள் கூட்டமாக முற்றத்தில் உட்கார்ந்து, வீட்டு ஆடுமாடுகளைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். போகும்போது கைக்குழந்தையாக இருந்த மகன் தெலிமாக்கஸ் இப்போது இளைஞன்.

அந்த மகன் முதல் காண்டத்தில் ஒரு விருந்தாளியிடம் சொல்வதன் சாரம் இது: அப்பா போர்க்களத்தில் தோழர்களோடு செத்திருந்தால்கூட இவ்வளவு வருத்தம் இருக்காது, சமாதி கட்டியிருப்பார்கள், பெயர் நின்றிருக்கும். இப்போது காற்று வாரிக்கொண்டு போனது போலப் போய்விட்டார். பார்த்தவரும் இல்லை, கேட்டவரும் இல்லை.

இதை என் தமிழில் மெதுவாகச் சொன்னேன். யாரும் பேசவில்லை. மூன்றாம் வரிசையை நான் பார்க்கவே இல்லை, வேண்டுமென்றேதான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன் சாதாரணமாகச் சொன்னான்: "அவங்களுக்கும் சர்டிபிகேட் கிடைச்சிருக்காது."

கரும்பலகையில் வட்டத்துக்குப் பதிலாக நடுவில் ஒரு கோடு இழுத்தேன். இடது பக்கம் "கடலில் நடப்பது", வலது பக்கம் "கரையில் தெரிவது". இந்த ஆய்வில் வேறு ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டு போகக்கூடிய பொருள் என்று ஏதாவது இருந்தால் அது இந்தக் கோடுதான். எந்தப் பயணக் கதைக்கும் பொருந்துகிறது, பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். ஒடிசியஸ் ஒரு தீவில் கலிப்சோவிடம் சிக்கி உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான். கரையில் தெரிவது: ஒன்றுமில்லை. பெனலோப்பி பகலில் நெய்த துணியை இரவில் பிரிக்கிறாள்; கடலில் அது தெரியுமா? தெரியாது. இரண்டு பக்கமும் நிரம்ப நிரம்ப, கதையின் விறுவிறுப்பு சண்டையில் இல்லை, இந்தக் கோட்டில்தான் இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அனுமன் கதைக்கும் கோட்டைப் போட்டுப் பார்த்தோம். கம்பரின் அனுமன் இராமனிடம் வந்ததும் "கண்டனென்" என்ற வினைமுற்றை முதலில் வைக்கிறான், யாரை என்பது பிறகுதான் வருகிறது. இதை இலக்கணப் பாடத்தில் வருடா வருடம் சொல்லுவேன், பிள்ளைகள் வருடா வருடம் கொட்டாவி விடுவார்கள். இந்த முறை ஒருத்தி உடனே சொன்னாள்: "எங்கப்பா சிக்னல் கிடைச்சதும் போன்ல முதல்ல 'வந்துட்டோம்'பாரு. மீன் கெடச்சுச்சா இல்லையாங்கிறது அப்புறம்தான்." என் 15 வருட ஆசிரியப் பணியில் அந்த வரிக்கு இதைவிட நல்ல உரையை நான் கேட்டதில்லை.

தெலிமாக்கஸ் தகவல் தேடிக் கப்பல் ஏறுகிறான். பைலோஸ், அப்புறம் ஸ்பார்ட்டா. அப்பாவோடு போருக்குப் போனவர்களைப் பார்த்துக் கேட்கிறான். கிளம்புமுன் இரவில் யூரிக்கிளியா என்ற வயதான பணிப்பெண்ணிடம் மதுவும் மாவும் கட்டித்தரச் சொல்கிறான். 11, 12 நாள் ஆகும்வரை, அம்மாவாகக் கேட்காதவரை, சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறான். இந்தப் பகுதியைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம், விருப்பமில்லாதவர்கள் நூலகப் புத்தகம் படிக்கலாம் என்றேன்.

மூன்றாம் வரிசைப் பெண் எழுதினாள். அரைப் பக்கம். ஒடிசியஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. "தெலிமாக்கஸ் அம்மாவிடம் சொல்லாமல் போனது தப்பு. ஏற்கெனவே ஒருத்தருக்காகக் காத்திருக்கிறவர்களை இரண்டு பேருக்காகக் காத்திருக்க வைக்கிறான். சொல்லியிருந்தால் விட மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. ஆனாலும் தப்பு."

தாளைக் கொடுக்கும்போது கேட்டாள்: "அந்த ஆயா 12 நாள் தாக்குப் பிடிச்சாங்களா டீச்சர்?" எனக்கு நினைவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மகனைக் கொல்ல ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்ற செய்தியை மேடன் என்ற தூதுவன் பெனலோப்பியிடம் கொண்டுவருகிறான். ஒருத்திகூட என்னை எழுப்பிச் சொல்லவில்லையே என்று அவள் வீட்டுப் பெண்களைப் பார்த்துக் குமுறுகிறாள். அப்போதுதான் கிழவி, எனக்குத் தெரியும், நான்தான் சாமான் கட்டிக்கொடுத்தேன் என்று ஒத்துக்கொள்கிறாள். மறுநாள் போய் இதைச் சொன்னேன். "திட்டத்தான் செய்வாங்க" என்றாள். அதன் பிறகு அந்த வகுப்பில் அவள் எல்லாவற்றையும் எழுதினாள். அப்பாவைப் பற்றி மட்டும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆதிரை

செப்டம்பரில் நம் காப்பியத்துக்கு வந்தோம். தயங்கித் தயங்கித்தான் வந்தேன், ஏனென்றால் மணிமேகலைக்குள் இதே கதை இருக்கிறது. மணிமேகலையை மணிபல்லவத் தீவுக்குத் தூக்கத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது தெய்வம். அவள் கேட்டுப் போகவில்லை. அழைப்பும் இல்லை, மறுப்பும் இல்லை. விழித்தால் தனியாக ஒரு கடற்கரை. அங்கிருந்து அமுதசுரபியோடு திரும்புகிறாள். அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சை இடுகிறவள் ஆதிரை.

ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் ஏறிப் போனவன். கப்பல் உடைந்தது. தப்பி வந்தவர்கள் அவன் செத்துவிட்டான் என்று கரையில் சொன்னார்கள். ஆதிரை தீ மூட்டி இறங்கினாள், தீ சுடவில்லை, அவன் உயிரோடு இருக்கிறான் என்று அசரீரி சொன்னது. சாதுவன் உடைந்த மரம் ஒன்றைப் பற்றி நாகர் மலைக்கு ஒதுங்கியிருந்தான். அவர்கள் மொழி தெரிந்ததால் பிழைத்தான். வேறொரு வணிகனின் கப்பலில் ஊர் திரும்பினான். கோட்டின் வலது பக்கத்தில் முதல்முறையாக "தவறான செய்தி" என்று எழுத வேண்டி வந்தது.

தீயில் இறங்கியதை வகுப்புப் பெண்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை. "வந்தவங்க சொன்னா நம்பிரணுமா? கண்ணால பாத்தீகளான்னு கேக்க வேண்டாமா?" நானும் அதைக் கற்பு என்று பூசி மெழுகவில்லை, அந்தக் காலத்துக் காப்பியம் அவளை அப்படித்தான் மதிக்கிறது, நீங்கள் சண்டை போடலாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் முதல் பிச்சையை ஏன் ஆதிரை கையால் வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேடியபோது வகுப்பு நிதானமானது. நிறைய விடைகள் வந்தன. எதற்கும் நான் சரி, தப்பு போடவில்லை.

சுவரில் ஒட்டிய ஆற்றுப்படை

கடைசி மாதம் நாங்கள் செய்தது, நான் மிகவும் மகிழ்ந்து செய்த வேலை. ஆற்றுப்படை என்பது பத்துப்பாட்டில் பாதியை நிரப்பும் வகை, அடுத்த வருடம் பத்தாம் வகுப்பில் அவர்களுக்கு மலைபடுகடாம் வரத்தான் போகிறது. பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், வழியில் வாடிய முகத்தோடு வரும் இன்னொருவனைப் பார்த்து, இப்படிப் போ, இன்னாரைப் பார், உனக்கும் கிடைக்கும் என்று வழி சொல்வான். மலைபடுகடாத்தின் 583 அடிகளில் பெரும்பகுதி வழிதான்: பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், கவண்கல் எந்தப் பக்கத்திலிருந்து வரும், எந்தச் சிற்றூரில் தினைச்சோறு கிடைக்கும். மற்ற நாட்டுக் கதைகள் பலவற்றில் நாயகன் திரும்பி வந்ததும் கதை முடிந்துவிடுகிறது. இங்கே அவன் திரும்பும்போதுதான் வாயைத் திறக்கிறான். தேடிப் பெற்றதை மறைத்து வைக்காமல் வழியில் போகிறவனுக்குச் சொல்லிவிடும் இந்த ஏற்பாட்டைக் கேம்பலின் வட்டத்தில் எங்கே பொருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை, பொருத்தவும் ஆசைப்படவில்லை.

வகுப்பு ஆறு குழுவாகப் பிரிந்து உரைநடையில் ஆற்றுப்படை எழுதியது. பாசிக்குப் போகும் புதிய பெண்ணுக்கு அனுபவசாலி சொல்வதாக ஒன்று. அதில் வாசல் காவலராக வனத்துறைக்காரர் வந்தார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, நினைத்தபடி கால் வைக்க முடியாது. சபுருக்கு முதல்முறை போகும் அண்ணனுக்கு ஒன்று. அதில் ஏஜெண்டு எந்தச் சொல்லைச் சொன்னால் நம்பக் கூடாது என்று ஒரு பட்டியலே இருந்தது. பனையேறிக்கு ஒன்று. வள்ளத்தில் தீவுப் பக்கம் போகிறவனுக்கு ஒன்று: கோயில் கோபுரமும் பள்ளிவாசல் மினாராவும் ஒரே நேராக வரும்போது பார் தொடங்கும், அங்கே எஞ்சினைத் தூக்கு, தண்ணீர் பச்சையிலிருந்து கறுப்பாக மாறினால் வலப்பக்கம் ஒதுங்கு. நடை செம்மையாக இல்லை, எழுத்துப்பிழை நிறைய. நான் சிவப்பு மை எடுக்கவில்லை.

மதிப்பெண் ஏறியதா என்று கேட்டால், சொல்லும்படி ஒன்றுமில்லை. காலாண்டுத் தேர்வில் தமிழ்த்தாள் எப்போதும் போலத்தான் இருந்தது; வினாத்தாள் கோட்டுக்கு இரண்டு பக்கமும் என்ன நடக்கிறது என்று கேட்பதில்லையே. கட்டுரைப் பகுதியில் பலர் கூடுதலாக எழுதினார்கள், அவ்வளவு சொல்லலாம். கலாம் இன்னும் இரண்டாம் பத்தியில் வருகிறார்.

இனி இதை நடத்தும்போது வட்டத்தைக் கடைசி மாதத்துக்குத் தள்ளுவேன், கில்காமெஷில் தொடங்குவேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூனில் விசைப்படகுகள் இறங்கும் வாரத்தில், போவதையும் வருவதையும் பற்றி எந்த வேலையும் தர மாட்டேன், வீட்டில் அப்போது பதற்றம் அதிகம். வீட்டுக் கதையைக் கேட்டே ஆக வேண்டுமென்றால் பக்கத்திலேயே வேறு இரண்டு தலைப்புகள் வைப்பேன். எல்லாவற்றுக்கும் முன்னால், கணக்கு ஆசிரியரிடம் உட்கார்ந்து வகுப்புப் பட்டியலை ஒரு தடவை வாசிப்பேன்.

ஆற்றுப்படைகளை நூலக அறைச் சுவரில் ஒட்டியிருந்தோம். அக்டோபரில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு மீனவர், கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கே நின்று வள்ளத்துத் தாளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். எழுதிய பையனின் அப்பா இல்லை, வேறொருவர். "இது யாரு எழுதினது? ஆடிக் கச்சான்ல தென்கடல்ல இந்த வழி போக முடியாது, பார்ல தூக்கி அடிச்சிரும். வாடையில வேணா போகலாம்" என்றார். கச்சான் என்பது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. திருத்திவிடுங்கள் என்றேன். சிரித்தார். அப்புறம் என் மேசையிலிருந்து பென்சிலை எடுத்து, பையன் எழுதியதை அடிக்காமல், ஓரத்தில் சாய்வாக எழுதினார்: "கச்சான் காலத்தில் வேண்டாம். கொஞ்சம் மேற்கே சுற்றிப் போ. நேரமானாலும் பரவாயில்லை."